என் அப்பாவின் கண்கள் எடுக்கப்படவில்லை

அனுப்புநர்:
ஓஷதி விமலசிறி,
பதினோராம் ஆண்டு மாணவி,
கலுகல்வத்தை.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்.

பொருள்: பொசொன் போயா பௌர்ணமி தினத்தில் கௌரவிக்கப்படும் கண் கொடையாளர் பட்டியலிலிருந்து என் அப்பாவின் பெயரை நீக்குதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

நடந்தவற்றை ஒன்றும் விடாமல் உண்மையாக இங்கே பதிவு செய்கிறேன். இப்புகார் வேறு எவர் மீதும் அல்ல, என் மீது.

1. நான் எங்கள் பாடசாலைக் கண் கொடைக் குழுவின் செயலாளர். நம் நாட்டவர் தந்த கண்கள் எத்தனையோ நாடுகளில் பார்க்கின்றன என்று பேசிப் பரிசு பெற்றவள். சென்ற வருட வெசாக் பண்டிகையில் நாற்பத்தொரு படிவங்கள் சேர்த்தேன். முதலாவது, முச்சக்கர வண்டியில் பேக்கரிப் பாண் விற்ற என் அப்பா விமலசிறியுடையது. கையொப்பமிட்டுவிட்டு, "மகள், நான் செத்தா முதல்ல போன் எடு. அழுறத பிறகு அழலாம்" என்று சிரித்தார்.

2. மார்ச் 19 காலை ஒன்பது மணிக்கு, பாண் விற்றுத் திரும்பிய அப்பா வாசலில் விழுந்து இறந்தார். மருத்துவர் வந்து உறுதி செய்தார். கண் கொடைச் சங்கத்தின் தொலைபேசி இலக்க அட்டை என் பென்சில் பெட்டியில் மட்டுமே இருந்தது. சில மணி நேரத்துக்குள், உடல் கெடாதிருக்க மருந்து ஏற்றும் முன் அழைக்க வேண்டும் என்று பாடசாலைக் கரும்பலகையில் எழுதியவளே நான்தான். அட்டையை எடுத்தேன். அப்பாவின் இடது கண் சரியாக மூடாமல் இருந்தது. தெருமுனையில் என்னைக் கண்டால் சிமிட்டும் கண் அது. அட்டையைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன். "சொல்லிட்டியா மகள்?" என்று மாமா கேட்டார். ஆமெனத் தலையாட்டினேன்.

3. நண்பகலில், ஈமக்காரியம் செய்யும் மலர்ச்சாலைக்காரர்கள் மருந்து ஏற்ற உடலை எடுத்துச் சென்றார்கள். நான்கு மணிக்குப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். அதன் பிறகே சங்கத்தை அழைத்தேன்.

"மருந்து ஏத்தியாச்சா மகள்?"

"ஏத்தியாச்சு."

"அப்ப இனி ஏலாது. நாளைக்கு ரெண்டு பேருக்குக் கண் வைக்க நாள் குறிச்சிருந்தம்" என்றார் அந்த அலுவலர். என்னைத் திட்டவில்லை.

4. மலர்ச்சாலையிலேயே கண்களை எடுத்திருப்பார்கள் என்று எல்லோரும் எண்ணினார்கள். சந்தி இளைஞர்கள் 'இரு கண்களையும் தானம் செய்த உத்தமர்' என்று பதாகை கட்டினார்கள். இறுதிச் சடங்கில் பிக்கு அரை மணி நேரம் அதைப் பற்றியே போதித்தார். வந்தவர்கள் மூடிய இமைகளைப் பார்த்து 'சாது சாது' என்றார்கள். நான் வெள்ளைச் சட்டையுடன் பக்கத்தில் நின்றேன். கிராம அலுவலர் பதாகையைப் பார்த்தே உங்கள் பட்டியலுக்குப் பெயரை எழுதிக்கொண்டார். அம்மா அந்தப் பதாகையை வீட்டு முகப்பில் மாட்டி, மாலைதோறும் அதைச் சுற்றிச் சிறு மின்விளக்குகளை ஏற்றுகிறார்.

5. ஆகவே என் அம்மா மேடையேறும் முன் பெயரை நீக்கித் தருமாறு வேண்டுகிறேன். அப்பா சொன்னதைச் செய்பவர், செய்யாதவள் நான். மேலும், மருந்து ஏற்றும் முன் கண் கொடைப் படிவம் உண்டா என்று கேட்க மலர்ச்சாலைகளுக்கு அறிவுறுத்துங்கள். அந்த இலக்கம் ஒரு வீட்டில் ஒருவரிடம் மட்டும் இருக்க விடாதீர்கள்.

அந்த இருவரின் பெயர்கள் எனக்குத் தெரியாது. தெரிந்தால் அவர்களுக்கும் எழுதுவேன்.

இடம்: கலுகல்வத்தை
திகதி: 10.06.2024

இப்படிக்கு,
தங்கள் தயவை நாடும்
ஓ. விமலசிறி

பி.கு.: இம்மனுவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் எழுந்து வெளியே போனார். பதாகையின் விளக்குகள் அணைக்கப்பட்டன.