அந்தப் பென் டிரைவ் இருக்கிறதா?

அன்புள்ள வாலுப் பெண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. போனில் சொல்லலாம் என்றால் நம் போட்டோ ஸ்டுடியோவுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர், நான் பெருமூச்சு விட்டாலே உன் அப்பாவுக்குக் கேட்கும், அதனால்தான் உட்கார்ந்து டைப் அடிக்கிறேன்.

அப்பா எடுத்த படங்களை எதிர்க்கடை மேக்கப்காரி தன் சொந்தப் படம் மாதிரி நெட்டில் போடுகிறாள் என்று அவர் உன்னிடம் புலம்பினாரே, வாட்டர்மார்க் போடுங்கப்பா என்று நீயும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாயே, அதில் வந்த வினை இது. நீ ஓரத்தில் சின்னதாகப் போடச் சொன்னாய். ஓரத்தில் போட்டால் வெட்டி எடுத்துவிடுவாள் என்று மனுஷன் நட்டநடுவில் கொட்டை எழுத்தில் கடைப் பெயரைப் போட்டார். அதோடு விட்டாரா, மொத்த ஃபோல்டருக்கும் சேர்த்துப் போட்டு, காப்பி எடுக்காமல் அதன் மேலேயே சேவ் செய்துவிட்டார். இனிமே எவ எடுக்குறான்னு பாக்குறேன் என்று மார்தட்டல் வேறு.

அதில்தான் பேங்க்காரர் மகளின் கல்யாணப் படங்களும் இருந்தன. நீ வந்திருந்தபோது நடந்ததே, நீகூட லைட் பிடித்தாயே, அதேதான். ஆல்பம் இன்னும் போடவில்லை, கேமரா கார்டையும் அடுத்த வேலைக்காக அழித்தாயிற்று. அந்தப் பேங்க்காரர் போன வாரம் தூக்கத்திலேயே போய்விட்டார். நன்றாக இருந்த மனுஷன். மண்டப வாசலில் தன்னைப் பார்த்து அவர் சிரிக்கும் படத்தைப் பெரிதாக்கித் தரும்படி மகள் கேட்டிருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். திறந்து பார்த்தால் அவர் முகத்துக்குக் குறுக்கே நம் கடைப் பெயர். அன்றிலிருந்து அப்பா ஏதோ சாஃப்ட்வேரை வைத்து அந்த எழுத்தை அழிக்கிறேன் என்று கம்ப்யூட்டர் முன்னாலேயே கிடக்கிறார். எழுத்து போய்விடுகிறது, ஆனால் அந்த இடத்தில் யாருடைய வாயோ வந்து உட்கார்ந்துகொள்கிறது. நல்லாத்தானே இருக்கு என்றேன். நல்லாத்தான் இருக்கு, ஆனா இது அவர் சிரிப்பு இல்ல, அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிடும் என்றார். சோறு இறங்கவில்லை, பிரஷர் மாத்திரையை நான் துரத்திப் பிடித்துக் கொடுக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு.

நீ கிளம்பும்போது அப்பா அந்தக் கல்யாணத்தில் எடுத்த நல்ல படங்களாகப் பொறுக்கி ஒரு பென் டிரைவில் போட்டு உன் பெட்டிக்குள் வைத்தாரே, நினைவிருக்கிறதா? இதெல்லாம் எதுக்குப்பா என்று நீ சிரித்தாய். வாலுகிட்ட கேளுங்களேன் என்று நேற்று சொன்னேன். முறைத்தார். அவ அதை அன்னைக்கே அழிச்சிட்டு ஆபீஸ் வேலைக்கு எடுத்திருப்பா, அவளுக்கு எதுக்கு இதெல்லாம் என்றார். நீ இல்லை என்று சொல்லிவிடுவாயோ என்றுதான் கேட்காமல் இருக்கிறார், எனக்குத் தெரியாதா அவரை.

ஈரத்தலையோடு வெளியே போகாதே. நோய்நொடி இல்லாமல் நீ நிறைவாக வாழ வேண்டும், அதுதான் எங்கள் இருவர் ஆசீர்வாதமும். மறந்துவிடாதே, படம் இருந்தால் நேராக அப்பாவுக்கே அனுப்பு, நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளாதே. அழித்திருந்தால் எனக்கு மட்டும் சொல். அந்தப் பெண்ணிடம் நாங்கள் எப்படியாவது மன்னிப்புக் கேட்டுக்கொள்வோம், அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா