கூரை மேல் இருக்கும் மைக்குகள்

தெல்தோட்டை
16.11.2008

அன்புள்ள மகள் சந்திரிகாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே மூவரும் உயிரோடு இருக்கிறோம், உன்னைக் கட்டுக்கலைப் பிள்ளையார் பார்த்துக்கொள்வார். தபாலை நம்ப முடியாததால் இதைப் பக்கத்து வீட்டுத் தாஸிம் நானாவின் மகள் ஜெஸீமாவிடம் கொடுத்துவிடுகிறேன். அவள் புருஷனோடு சேர லண்டன் போகிறாள், அங்கிருந்து நீ படிக்கும் ஊருக்கு அனுப்புவாள்.

கம்பஸ் படிப்புக்காக நீ நம் கூரையில் பூட்டிவிட்டுப் போன நான்கு மைக்குகளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. போன மாதம் கொழும்பில் பிளேன் வந்து குண்டு போட்ட பிறகு ஆமிக்காரர்கள் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். மைக்குகளைக் கண்டதும் தமிழ் தெரிந்த ஒருவர், "இது யாருக்காகக் கேக்குது?" என்றார். மகளின் படிப்பு, பிளேன் சத்தம் எந்த மைக்குக்கு முதலில் வருகிறது என்று பார்த்து அது போகும் பாதையைக் கண்டுபிடிப்பது என்று சொன்னேன். உன் தம்பி திலகன் சும்மா இருக்காமல் கம்ப்யூட்டரைப் போட்டு, படத்தில் கோடு நகர்வதைக் காட்டினான். அவ்வளவுதான், அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு கிழமை கழித்துத்தான் விட்டார்கள். இப்போது ஒரு கோப்பை கீழே விழுந்தாலும் எழுந்து சுவரோரம் போய் நிற்கிறான். என்ன நடந்தது என்று நாங்கள் கேட்கவில்லை.

மைக்குகளைக் கழற்றுவார்கள் என்று நினைத்தேன். அவர்களோ இரண்டை இறக்கி, ஒன்றைக் குசினிப் பக்கமும் ஒன்றை முன்னறை ஜன்னலுக்கு மேலும் பூட்டி, மேல் ரோட்டில் இருக்கும் தங்கள் கூடாரத்துக்கு வயர் இழுத்தார்கள். "பிளேன் எங்க குசினிக்கா வரப்போவுது?" என்று அம்மா கேட்டாள், சிரித்தார்கள். மறுநாள் அம்மா தேங்காய் துருவிக்கொண்டே ஜெஸீமாவிடம், "புள்ளயப் போட்டு அடிச்சிருக்காங்க" என்று சொல்லியிருக்கிறாள். அடுத்த நாள் காலை பஸ் ஏறப் போன என்னிடம் அந்தத் தமிழ் தெரிந்த ஆள், "ஒங்க வீட்டம்மா நாங்க அடிச்சோம்னு சொல்றாங்களாமே" என்றார். அதிலிருந்து வீட்டில் யாரும் பேசுவதில்லை. ரேடியோ மட்டும் பாடுகிறது.

நேற்று அதே ஆள் வந்து, "மகளப் பொங்கலுக்கு வரச் சொல்லுங்க, அம்மாவுக்குச் சொகமில்லன்னு சொல்லுங்க" என்றார். நான் போனில் சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாராம்.

ஆகவே அடுத்த மாதம் நான் போன் எடுப்பேன். அம்மா படுத்த படுக்கை என்பேன், அழுதாலும் அழுவேன். நம்பாதே, அம்மா நன்றாக இருக்கிறாள். சோதனை எழுத இருக்கிறது, வர முடியாது என்று சொல்லி வைத்துவிடு. நான் ஏசினாலும், பெத்த பிள்ளையா நீ என்று கேட்டாலும் மனதில் எடுக்காதே மகளே, வராதே.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. நேரத்துக்குச் சாப்பிடு. நீ நூறு வயது இருக்க வேண்டும் என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா
ப. வீரையா