கொதிக்கும் தேநீரும் அரசாங்கப் படிவமும்

செவன் ஹில்ஸ், 2012

அன்பு மனைவி ரம்லாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம். இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன், அறுபத்தெட்டு வயதில் எழுதப் படிக்கக் கற்று!

நான் தேநீர் ஊற்றும் நிலையம் உனக்குத் தெரியும். கணவனின் அடிக்குத் தப்பி வந்த பெண்களின் பிள்ளைகளை, தகப்பன்மார் இங்கே ஊழியர் முன்னிலையில்தான் பார்க்கலாம். தாயும் பிள்ளையும் போய்க் கால் மணி நேரம் கழித்தே தகப்பன் வெளியேறலாம்.

நிலையத்துக்குத் தரும் மானியத்தைத் தொடர்வதா என்று முடிவெடுக்க இந்த நாட்டு அரசாங்கம் எங்கள் எல்லோருக்கும் படிவம் அனுப்பியது. பெண்களின் பாதுகாப்புக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று ஒரு கேள்வி. தமிழிலும் எழுதலாமாம். எழுதினேன்: "தகப்பனுக்குத் தேநீரைக் கொதிக்கக் கொதிக்கக் கொடுப்பேன். அவர் ஊதிக் குடிப்பதற்குள் தாய் பஸ் ஏறிவிடுவார்."

பொறுப்பாளர் ரஞ்சினி வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அங்கிள், இதையும் அரசாங்கத்துக்குச் சொல்லுறதா?"

"ஓம் மகள். கேட்டது அவங்கதானே!"

என் படிவத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து அனுப்பினார்!

பதிலை நீயே பெரிய எழுத்தில் எழுது. இனி எனக்கு யாரும் வாசித்துக் காட்ட வேண்டியதில்லை, கூச்சப்படாமல் எழுது.

நிலையத்தை மூடினால் நான் ஊருக்கு உன்னிடம் வந்துவிடலாம். ஆனாலும் மூடக் கூடாதென்று துஆ செய்.

நிலையத்தின் கதவு மணி அடிக்கிறது, தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கப் போகிறேன்.

உன் மூஸா