பள்ளத்தாக்குக்குப் போன கிழமை

ஜூலை 21, வெள்ளி

காலையிலிருந்தே புழுக்கம். எங்கள் தையல் ஆலை இரண்டு கிழமைக்குப் பூட்டு. வாங்க: வெயில் கிறீம், தலையிடிக் குளிசை, யாமினிக்கு மலை ஏறுகிற சப்பாத்து. சமைக்க: இவருக்கு மூன்று நாளுக்குக் கறி.

சப்பாத்து வேண்டாமாம். "சித்தி வாங்கித் தந்திட்டா, அம்மா." எந்தக் கடையில் வாங்கலாம் என்று ஒரு மாதமாக யோசித்தவள் நான். சரி.

பயணமே தங்கச்சி சுகந்தியின் ஏற்பாடு. யாமினி பள்ளிக்கூடம் முடித்ததற்குப் பரிசு. அமெரிக்கப் பாலைவனத்தில் ஒரு பெரிய பள்ளத்தாக்குப் பூங்கா. "அக்கா, நீங்களும் வாறீங்கள்தானே?" 'நீங்களும்'. இவர் டாக்சியை விட்டுவிட்டு வர மாட்டார். எனக்குப் போகத்தான் ஆசை. அதற்காக அந்த 'உம்'மை மறக்க முடியவில்லை.

ஜூலை 23, ஞாயிறு

பாலைவனம். வெயில் என்றால் வெயில், உதடு வெடித்துவிட்டது. வாடகைக் கார். சுகந்தி ஓட்ட, பக்கத்தில் யாமினி. பின்னால் நானும் பெட்டிகளும்.

பள்ளத்தாக்கு. எழுதத் தெரியவில்லை. நிலம் அப்படியே பிளந்து கிடக்கிறது. சிவப்பு, மஞ்சள், அடியில் ஊதா. ஆறு நூல் மாதிரி. யாமினியைக் கூப்பிட்டுக் காட்ட வாய் திறந்தேன். அவள் சித்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த முனைக்கு ஓடிவிட்டாள். படம் முப்பத்தொன்று. எல்லாம் நான் எடுத்தவை. நான் இருப்பது இரண்டில்.

திரும்பி வரும்போது காரில் இருவரும் பிரெஞ்சில், யாமினியின் பள்ளிக்கூட மொழியில். எனக்கு விளங்காது என்று நினைப்பு. குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைகளில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு நான் போனது பிரெஞ்சு வகுப்புக்கு. ஒருநாள் யாமினியோடு திடீரென்று கதைத்துக் காட்ட ஆசை.

"ஷே துவா," என்றாள் யாமினி. உன் வீட்டில். பிறகு செப்டம்பர். பிறகு "மமோ... பா அன்கோர்." அம்மாவுக்கு இன்னும் இல்லை.

எனக்கு இன்னும் என்ன இல்லை? எனக்கு இன்னும் சொல்லவில்லை. அவ்வளவுதான். செப்டம்பரில் கல்லூரி தொடங்க, நகரத்தின் மறு கோடியில், ரொக்ஸ்பரோவில், சுகந்தி வீட்டில் போய் இருக்கப் போகிறாள்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கல், கல், கல்.

ஜூலை 24, திங்கள்

விடிய ஆறு மணிக்கு இறங்கத் தொடங்கினோம். பத்துக்கு முன் மேலே வந்துவிட வேண்டும், பிறகு வெயில் ஆளைக் கொன்றுவிடும் என்று பூங்காக் காவலர் சொன்னார்.

முக்கால் மணி நேரத்தில் ஒரு வளைவு. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றுமில்லை. பாதை இரண்டு முழ அகலம். சுகந்தி நின்றுவிட்டாள். வங்கியில் வேலை, சொந்த வீடு, எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவள். பாறையைக் கட்டிப்பிடித்து நடுங்கினாள்.

"அக்கா, எனக்கு ஏலாது. அக்கா."

மூன்று அடி தள்ளி நான். போகவில்லை. ஒரு நிமிடம் சும்மா நின்றேன். மனதுக்கு இதமாக இருந்தது. அதை எழுதத்தான் வேண்டும்.

யாமினி கத்தினாள்: "அம்மா! என்னம்மா பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள்?"

போனேன். "பாறையைப் பார். கீழை பாக்காதை. என்ரை கையைப் பிடி." வெளிப்பக்கம் நான் நின்று, அவள் இடுப்பைப் பிடித்து, ஓரடி ஓரடியாகத் திருப்பிக்கொண்டு வந்தேன். அகலமான இடம் வந்ததும் யாமினி பாய்ந்து கட்டிப்பிடித்தது சித்தியை. தண்ணீர் பருக்கினாள், முகம் துடைத்தாள், மேலே வரும்வரை கையை விடவில்லை. எனக்கு ஒரு வார்த்தை: "கவனம், அம்மா."

பின்னேரம் யாமினி குளிக்கப் போன நேரம் சுகந்தி கட்டிலில் வந்து இருந்தாள்.

"அக்கா, யாமினி என்னோடை வந்து இருக்கப்போறாளாம். கல்லூரி எனக்குக் கிட்டத்தானே."

"தெரியும். உங்கடை பிரெஞ்சு எனக்கும் விளங்கும்."

கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"நான் ஓமெண்டு சொல்லேல்லை. அம்மாட்டைக் கேளெண்டனான்."

எனக்குப் பொறுக்கவில்லை. "சுகந்தி, அந்த வளைவிலை நான் வேணுமெண்டுதான் நிண்டனான்."

"தெரியும். உங்கடை முகத்தைப் பாத்தனான்."

கோபமில்லை குரலில். இருந்திருந்தால் நன்றாயிருக்கும்.

ஜூலை 28, வெள்ளி

வீடு. மழை. உடுப்புக் காயவில்லை. வந்தும் இரண்டு நாள் யாமினி என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்று சமையலறை வாசலில் வந்து நின்று, சித்தியோடு போய் இருக்கட்டுமா என்று கேட்டாள். தமிழில், தட்டித் தடுமாறி.

"ஏன் என்னட்டை முதல் கேட்கேல்லை?" என்றேன்.

"நீங்கள் அழுவீங்களெண்டு."

அழவில்லை. நாங்கள் இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து அந்தக் கல்லூரிக்குப் போய்வர மூன்று மணி நேரம். இங்கே அவள் படுப்பது முன்னறைச் சோபாவில். என்ன சொல்ல?

"திங்களிலையிருந்து வெள்ளி வரைக்கும் அங்கை. வெள்ளி இரவுச் சாப்பாடு இஞ்சை."

"ஓம், அம்மா." கட்டிப்பிடித்தாள். கரண்டி கையிலிருந்ததால் நான் ஒரு கையால்தான்.

பிறகு சுகந்தி போன் எடுத்தாள். அறைக்கு என்ன நிறம் பூசலாம், யாமினிக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டாள். அவளிடமே கேட்டால் தெரிந்துவிடுமாம், திடீரென்று காட்ட வேண்டுமாம்.

யாமினிக்குக் கடும் நீலம் பிடிக்கும். சின்னதிலிருந்தே.

வெள்ளை என்றேன்.