மடக்கிய குழாய்

தம்பிக்கு,

பத்தொன்பது வருஷம் கழித்து எழுதுகிறேன். கிழித்துப் போடுமுன் ஒருதரம் படி.

அப்பாவின் பழைய அம்பாசிடரைப் புதுப்பிக்கலாம் என்று இன்று காலையில்தான் தார்ப்பாயை விலக்கினேன். ஜாக்கி வைத்துத் தூக்கி அடியில் படுத்தேன். பின்சக்கரங்களுக்குப் போகும் பிரேக் குழாய் மடக்கி, கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. அது பட்டாளத்துக் கட்டு. நம் வீட்டில் பட்டாளத்து மெக்கானிக் நான் ஒருவன்தான்.

அந்த வருஷம் லீவில் வந்து, ஆண்டாள் தேரோட்டம் பார்த்துத் திரும்பும்போது, வன்னியம்பட்டி பக்கம் பிரேக் ஆயில் கசிந்தது. வீடு சேரும்வரை தாங்கட்டும் என்று அந்தக் குழாயை மடக்கிக் கசிவை நிறுத்தினேன். மறுநாள் மாற்ற நினைத்தேன். விடியுமுன் லீவு ரத்து என்று போன் வந்தது; ரயில் ஏறிவிட்டேன், குழாயை அடியோடு மறந்தேன்.

சமதரையில் முன்சக்கரப் பிரேக்கே போதும், யாருக்கும் தெரியாது. எட்டாம் நாள் அப்பாவை உட்காரவைத்து நீ ஓட்டிவந்த அய்யனார் கோவில் இறக்கத்துக்கு அது போதாது.

அப்பாவின் காரியத்தன்று "பிரேக்கு பிடிக்கலண்ணே, சத்தியமாப் பிடிக்கல" என்று அழுதாய். "குடிச்சுட்டு ஓட்டிட்டுப் பொய் வேற சொல்லுதியாலே" என்று ஊர் பார்க்க அறைந்தேன்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கிய?" என்கிறாள் உன் மதினி. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

குழாயை மடக்கினால், அடுத்து ஓட்டுபவனுக்குத் தெரியும்படி ஸ்டியரிங்கில் சிவப்புத் துணி கட்டவேண்டும். எங்கள் யூனிட்டில் அது கட்டாயம்.

நீ வந்து பார்க்கும்வரை கம்பியை அவிழ்க்க மாட்டேன். துணியை இப்போதுதான் கட்டினேன்.

உன் அண்ணன்