ரோக் என்ற பத்திரிகை

அன்புள்ள நண்பருக்கு,

இன்று தபாலில் சுருட்டிய பத்திரிகை ஒன்று வந்தது. பிரித்ததும் அந்தப் போலந்துக் கட்டுகளின் அதே பசை வாசனை. நீங்கள் மறைந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும், உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். வரிசை போடாமல் எனக்குக் கை ஓடாது:

1. போலந்து நாளிதழின் பெயரை நாம் தப்பாகப் படித்தது.
2. அந்த நாளிதழின் வரலாறு.
3. திரும்பி வந்த கடிதத்தை நான் இரக்கத்தால் மறைத்தது.

எழுபதுகளின் கடைசியில் நான் நம் தபால் நிலையத்தில் குமாஸ்தா; நீங்கள் தபால்காரர். அடி அண்ணாமலையில் குடியிருந்த போலந்துப் பெரியவருக்கு வாரம் ஒருமுறை அவர் நாட்டு நாளிதழ் கட்டாக வரும். உறைக்கு வெளியே தெரிந்த ‘ரோக்’ என்ற சொல்லைப் பெயரென்று எண்ணிப் பதிவேட்டில் எழுதினேன். நீங்கள் அதை ரொக்கமாக்கி, “ஐயா, ரொக்கம் வந்திருக்கு” என்று அவர் வாசலில் சைக்கிள் மணி அடிப்பீர்கள்.

பிறகு ஒரு கார்த்திகை தீபம் முடிந்த சமயம் கட்டு வருவது நின்றது. போலந்தில் இராணுவச் சட்டம் என்று செய்தி. சில மாதம் கழித்து, சந்தாவைப் புதுப்பிக்க அவர் அனுப்பிய கடிதம் திரும்பி வந்தது. பத்திரிகை மூடப்பட்டதாக உறைமேல், அயல்நாட்டுத் தபாலின் வழக்கப்படி, பிரெஞ்சில் குறித்திருந்தார்கள். அதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். அவர் தினமும் நடந்து வந்து கேட்பார். இன்னும் வரவில்லை என்பேன்.

பத்தாம் நாள் உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

“அந்த மனுசன் வெயில்ல நடந்து வர்றாரு சார். நீங்க சொல்லலன்னா நடந்துக்கினே இருப்பாரு. குடுங்க, நான் சொல்றேன்.”

மாலை நான்கு மணிக்குத்தான் திரும்பினீர்கள். பாதிப் பை அப்படியே இருந்தது. தலைமை அதிகாரி திட்டியது உங்கள் காதில் விழவேயில்லை. பெரியவர் உறையைப் படித்தாராம். பிறகு உங்களுக்கு மோர் கொடுத்து உட்கார வைத்து, தமிழும் ஆங்கிலமும் கலந்து முழுக் கதையையும் சொன்னாராம். அந்தப் பத்திரிகையில் அச்சுக் கோத்தவர் அவர். ஒரு ரொட்டிக்கடையின் பின்னறையில் பிறந்த பத்திரிகை. உலகப் போரில் தடை வந்தபோது, அதே கடையின் நிலவறையில் கையளவுத் தாளாக அச்சாகியிருக்கிறது. ரொட்டி மணம் மை வாடையை மறைத்திருக்கிறது. போருக்குப் பின் நாடெங்கும் போனது. அப்போது தணிக்கை. வெட்டிய இடத்தை வெறுமையாக விடக்கூடாதென்று சதுரங்கப் புதிர் போடுவார்களாம்.

“பக்கத்துல மூணு புதிர் இருந்தா மூணு சேதி போச்சுனு அர்த்தமாம் சார். ஆடத் தெரியாதவன்கூட எண்ணிப் பாப்பானாம்.”

‘ரோக்’ என்றால் அவர்கள் மொழியில் ஆண்டு. பத்திரிகை தொடங்கி எத்தனையாவது ஆண்டு என்று தலைப்பில் போடுவது. பெரியவர் ஏன் இத்தனை நாள் நம்மைத் திருத்தவில்லை என்று கேட்டேன்.

“ரொக்கம்னு கூப்புட்டா தெருவே திரும்பிப் பாக்குதாம் சார். அத விட மனசு வரலயாம்.”

மறுநாள் பெரியவர் வந்தார். தபால்தலை மட்டும் கேட்டார். நான் தலைநிமிராமல் கிழித்துக் கொடுத்ததைப் பார்த்துச் சிரித்தார். அதன் பிறகு கெட்ட சேதி எது வந்தாலும் நானே நேரில் போய்ச் சொல்கிறேன். சொன்னவுடன் கிளம்பிவிடாமல், உங்களைப் போல உட்கார்ந்து கேட்கிறேன்.

எழுதி முடித்த பிறகுதான் தெரிகிறது, மூன்றாவது குறிப்பு தவறு. அது இரக்கம் அல்ல. அவர் முகத்தைப் பார்க்க எனக்கிருந்த பயம். அன்றே உங்களுக்குத் தெரிந்திருக்கும், சொல்லாமல் விட்டீர்கள்.