இழுத்த பக்கம் திரும்பணும்

ஆவணி 9, செவ்வாய்.

பழைய டிராக்டர் பின்னால நானே கட்டின மண் தோண்டற மிஷின்ல இன்னிக்கி என் பொண்டாட்டி சரோஜாவ உட்கார வச்சேன். எனக்கு முதுகு போயிடுச்சி, இனிமே ஓட்டப்போறது அவதான். இடது பக்கம் திருப்பச் சொன்னேன். லீவரைத் தள்ளணும், இழுத்துட்டா. பக்கெட் வலது பக்கம் திரும்பி மாட்டுக்கொட்டாய்க் கம்பத்தைச் சாய்ச்சிடுச்சி. கத்தினேன்.

"மாட்டு வண்டி ஓட்டின கை, மாமா. இடது கயிறை இழுத்தா மாடு இடது பக்கம் திரும்பும். உன் மிஷின் அப்படித் திரும்பலன்னா நான் இன்னா பண்றது?"

அதுவும் நியாயந்தான். சாயந்திரம் அந்த ஒத்தை லீவரை எடுத்துட்டு, இடதுக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணு வச்சேன். எதை இழுத்தாலும் அந்தப் பக்கம் திரும்பும்.

சாப்பிட்டதும் ஆளக் காணோமேன்னு எட்டிப் பார்த்தேன். ஓடாத மிஷின்மேல உட்கார்ந்து, இடது லீவரை மெதுவா இழுத்து, மாட்டுக்குச் சொல்ற மாதிரி "ஹை, ஹை"ன்னுக்கினு கீறா.